ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன்

அக்கா,

தொகுப்புக்கான கதைகளை நேற்று அனுப்பிவிட்டேன். அந்தக் கதையும் இருக்கிறது, நீ படித்த வடிவத்தில் அல்ல. வீட்டு விஷயத்தை இங்கே விரிக்க மாட்டேன். சித்தப்பா யாரையாவது படித்துக்காட்டச் சொல்வார்.

அப்பாவின் கருமக்கிரியை முடிந்து பட்டர்வொர்த் பெர்ரியில் நின்றோமே, அந்த மாலைதான் விடமாட்டேன் என்கிறது. 16 நாளுக்குள் கதையை முடித்திருந்தேன். அந்த அவசரமே சந்தேகத்துக்குரியது. மகள் தாமதித்ததால் தந்தை இறந்த வரியில் விரலை வைத்து, "எதை வைத்து எழுதினாய்?" என்றாய். காற்றில் தாள் படபடத்தது. "கற்பனை" என்றேன். பொய். முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்கேற்ற சம்பவங்களைப் பொறுக்கியிருந்தேன்.

ஆய்வுக்கூடக்காரியான நீதான் பன்றிகளிடமிருந்து தொற்றிய நிப்பா வைரஸைப் பற்றிச் சொன்னாய். 1998இல் இங்கே மலேசியாவில் நோய் பரவியபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் விழுந்தவர்கள் பெரும்பாலும் பன்றிப் பண்ணையில் உழைத்த பெரியவர்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கௌ பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே கொசு குற்றவாளி இல்லை என்றானது. இறந்தவர்கள் 100க்கு மேல். பொருந்தாத தகவலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பாய்.

என் முதல் வரைவும் கொசுப் புகைதான். யாரையாவது அடிக்க வேண்டியிருந்தது, கைக்கு நீ அகப்பட்டாய்.

போன மாதம் அப்பாவின் பையில் மருத்துவமனைச் சீட்டு கிடைத்தது. சேர்த்த நேரம் இரவு 9.40. ஒன்பது மணிவரை வாசலில் பேசிக்கொண்டிருந்தார் என்று எதிர்வீட்டு மாமி சொன்னார். நீ தாமதிக்கவில்லை. மன்னித்துவிடு.

ஆனால் அதே சீட்டு இன்னொன்றையும் சொல்கிறது. எனக்குப் போன் வந்தது காலை ஆறு மணிக்கு. கோலாலம்பூரிலிருந்து நான்கைந்து மணி நேரப் பயணம்தானே அக்கா? பிறருடைய தாளில் சான்று கேட்கிறவள், அந்த எட்டு மணி நேரத்தை மட்டும் ஏன் எழுதாமல் விட்டாய்? தம்பி தூங்கட்டும் என்று நினைத்தாயா? அப்படியும் இருக்கலாம். நீ அப்படிப்பட்டவள்தான்.

ஆய்வுக் குறிப்பேட்டில் தவற்றை அழிக்கக் கூடாது, அடித்தது படிக்கத் தெரிய வேண்டும் என்பாய். கிழித்தே பழகிய நான், உன் விரல் பட்ட அந்தத் தாளை வைத்திருக்கிறேன். வரியின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் தேதி, கையொப்பம். தபாலில் வருகிறது. ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். 9.40 என்று மேலே எழுதியாயிற்று. கீழே ஆறு மணி. நடுவில் உள்ளதை நீ நிரப்பு, பேனாவால்.