ஏரிக்கரையில் உங்கள் பிள்ளைகள் விதைத்த பனை: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் பிள்ளைகள் முழங்கால் வரை சேறும் நகக்கண்ணில் மஞ்சளுமாக வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். அந்த மஞ்சள் பனம்பழச் சாறு. கையிலிருந்து இரண்டொரு நாளில் போய்விடும். சீருடை வேண்டாம், பழைய சட்டை போட்டு அனுப்புங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நடந்தது பெரிய விழா இல்லை. மேடை கிடையாது, மைக் கிடையாது, ப்ளெக்ஸ் கிடையாது. ஏரிக்கரை ஐயனார் கோயில் திடலில் ஊர் இளைஞர்களும் நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்களும் சேர்ந்து நடத்திய பனை விதைப்பு. நம் பள்ளியிலிருந்து ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் 64 பேர் போனோம். ஆவணி முழுக்கப் பள்ளிக்கு வரும் வழியில் பிள்ளைகள் பொறுக்கிச் சேர்த்த பனங்கொட்டைகள் ஆறு சாக்கு இருந்தன. மதியம் கேழ்வரகுக் கூழ், பனையோலையில் முடைந்த பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வாயைப் பாதி சட்டையில் சிந்திவிட்டார்கள். இரண்டாவது தடவை ஓலையின் மடிப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு பார்த்தேன், திடலில் ஒரு பிளாஸ்டிக் தம்ளர்கூட இல்லை.

விதைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அந்தக் காலத்தில் பனையேறியாக இருந்த ஒரு தாத்தா. நெஞ்சில் காய்ப்பு இன்னும் இருக்கிறது. ஒரு கொட்டையை எடுத்து நாரை ஒதுக்கி, விரலால் தடவிக் காட்டினார். "கண்ணு இருக்கிற பக்கம் கீழே போகணும் தம்பி. இது மத்த விதை மாதிரி மேலே முளைக்காது, முதல்ல மண்ணுக்குள்ள இறங்கும்" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. பனங்கொட்டை முளைக்கும்போது அந்த முளை வேர் மாதிரி நேராகக் கீழே போகிறது. தை மாதம் நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். பிடுங்காமல் விட்டால் அதிலிருந்துதான் ஓலை மேலே வரும். காய்ப்பதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள்கூட ஆகும். அது ஆண் பனையா பெண் பனையா என்பதும் பாளை விட்ட பிறகுதான் தெரியும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அப்போ இது நுங்கு குடுக்குமான்னு நான் காலேஜ் முடிச்ச பிறகுதான் தெரியுமா?" என்று கேட்டாள். தாத்தா, "ஆமா, நீதான் வந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்துவிட்டார்.

ஏன் பனை என்று சில பெற்றோர்கள் கேட்டீர்கள். நம் பேராவூரணிப் பக்கத்தில் இதற்குப் பதில் சொல்ல அதிகம் பேச வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். மறுநாள் வெளிச்சத்தில் அங்கங்கே நின்றுகொண்டிருந்தது பனைதான். தொல்காப்பியம் பனையை மரம் என்று சொல்லாது, புல் இனம் என்று சொல்லும். வைரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி, உள்ளே இல்லாமல் வெளியே இருப்பதால். ஒன்பதாம் வகுப்பில் அதைப் பாடமாகச் சொல்லும்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அன்று கரையில் விழுந்து கிடந்த ஒரு பழைய பனந்துண்டின் வெட்டுமுகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓரம் இரும்பாக, நடு சோறாக இருக்கிறதே என்று அவர்களே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

அப்புறம் நம் பள்ளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று மரக்கன்று நடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு பெரும்பாலும் அதே குழியில் வேறு கன்று. நம் ஊரில் ஜூன் மாதம் மண் கொதிக்கும். நமக்கு நல்ல மழை ஐப்பசியில்தான். உலகத்துக்கு ஒரு தேதி இருக்கலாம், நம் மண்ணுக்கு அது தோதுப்படவில்லை. இனிமேல் பள்ளியில் நடவு புரட்டாசி கடைசியில்தான் நடக்கும். ஆசிரியர்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டோம்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. ஏரியின் வடக்குக் கரையில், ஐயனார் கோயிலிலிருந்து மதகு வரை, பத்தடிக்கு ஒன்றாக விதைத்திருக்கிறோம். தை வரை மேலே ஒன்றும் தெரியாது, வெறும் கரையாகத்தான் இருக்கும். ஒன்றும் இல்லை என்று நினைத்து அங்கே கோரைக்கும் சருகுக்கும் தீ வைத்துவிடாதீர்கள். கரையில் மண் எடுக்கவோ வண்டி இறக்கவோ யாராவது வந்தால் தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துங்கள். குருத்து வந்த பிறகு ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், அது அடுத்த ஆண்டுக் கவலை. இருக்கிற பனைகளையும் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பனை 1978 முதல் நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்திருக்கிறார்கள். பனை வெட்டுகிறார்கள் என்று தெரிந்தால் பள்ளிக்கு வந்து சொன்னாலும் சரி, கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னாலும் சரி.

உங்கள் வீட்டில் பனையேறிய, ஓலை முடைந்த, கருப்பட்டி காய்ச்சிய தாத்தா பாட்டிகள் யாராவது இருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு அழைத்து வாருங்கள். பெட்டி முடையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர்களில் யாருக்கும் அது தெரியாது.

திடலில் ஒரு நீலத் தண்ணீர்ப் பாட்டிலும் இடது கால் செருப்பு ஒன்றும் கிடைத்தன. அலுவலக அறையில் இருக்கின்றன, வாங்கிக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு மறுபடியும் கரைக்குப் போகிறோம். ஓரமாக விதைத்த நாலைந்து கொட்டைகளை மட்டும் தோண்டி, கிழங்கு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளக்கப் போகிறார்கள் பிள்ளைகள். இந்தத் தடவை நீங்களும் வாருங்கள். வரும்போது ஒரு மண்வெட்டி கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்