அந்த டிவி ஏன் விழுந்தது?

சுங்கை சிப்புட்

அன்பு மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பதில் தாமதமானதற்குத் திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

உன் ரப்பர் தோட்டக் குறும்படக் கதையின் தலையிலேயே ‘தியாகராஜன் குமாரராஜா பாணி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். உள்ளே காட்சிகளை முன்னும் பின்னுமாகக் கலைத்ததைத் தவிர வேறொன்றும் இல்லையடா! அந்த இயக்குநரின் படமாக 2011இல் வந்த ‘ஆரண்ய காண்டம்’ ஒரே நாளில் நடக்கிற கதை. அங்கே சிதறுவது பொழுதல்ல, நம் பார்வை. ராமாயணத் தலைப்பை ரவுடிகள் கதைக்கு வைத்து, நாயகன் யாரென்றே காட்டாமல் நகர்த்துகிறார். ஆண்களெல்லாம் அடித்துக்கொள்ள, கடைசியில் பணத்தோடு கிளம்புகிறவள் சுப்பு என்ற பெண்.

அவருடைய ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) இன்னும் கெட்டி. அந்த டிவியை மட்டும் கவனி. பையன்கள் திருட்டுத்தனமாகப் படம் பார்க்கையில் உடைகிறது. புதிது வாங்கப் பணம் தேடி அலைகிறார்கள், அவர்கள் கதையே அதுதான். திருநங்கை ஷில்பாவைக் காவல் நிலையத்தில் வதைத்த போலீஸ்காரன் பெர்லின், வேம்பு என்ற பெண்ணையும் மிரட்டிக்கொண்டிருக்கும்போது, மேலிருந்து வீசிய அதே டிவி அவன் தலையில் விழுகிறது. தற்செயல்தான், ஆனாலும் நம்புகிறோம். ஏன்? அதுவரை அந்த டிவிக்குச் சொந்தமாக ஒரு வேலை இருந்தது. விழுவதற்காகவே வந்திருந்தால் தியேட்டரே சிரித்திருக்கும்.

உன் மோட்டார் சைக்கிள் அப்படித்தான், கடைசிக் காட்சியில் திடீரென்று வந்து மோதுகிறது. முதல் நிமிடத்திலேயே அதை அடகுக்கடைக்கு அனுப்பு. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற உன் தண்டல் அதை மீட்க அலையட்டும்.

பெரிய தாளில் அருகருகே இரண்டு பத்தி போடு. ஒன்று தண்டலுக்கு, ஒன்று லயத்து வரிசை வீட்டுப் பெண்ணுக்கு. வாத்தியார் கதையை எடுத்துவிடு, பன்னிரண்டு நிமிடம் மூன்று கதையைத் தாங்காது. ஓரத்தில் மணியைக் குறி: விடியலில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டு, பிறகு ரப்பர் பால் வெட்டு, பால் நிறுக்கிற நேரம். இரண்டும் ஒரே வேளையில் நடப்பது தெரியாவிட்டால் பார்க்கிறவன் குழம்பிப்போவான். கோயில் ஒலிபெருக்கிப் பாட்டின் முதல் வரி பெரட்டில் கேட்கட்டும், அடுத்த வரி அவள் அடுப்படியில்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பெண்ணைத் திருப்பத்துக்காக மட்டும் சாகடிக்காதே. வேற்றுக்கிரகப் பெண்ணையே கொண்டுவந்து விளையாடுகிற படம், ஷில்பாவும் மகன் ராசுக்குட்டியும் கைகோத்து நடக்கும்போது விளையாட்டை நிறுத்திவிடுகிறது. அந்த இடத்தை மறுபடி பார்.

தாள் தயாரானதும் அனுப்பு. அதுவரை கேமராவுக்கு முன்பணம் கொடுக்காதே.

உன்,
மச்சான்