ஓம் கூடுனா ஆம்ப்புக்கு நல்லதா? வால்வு ஆம்ப்புக்கு இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல பழைய ஆம்ப்ளிபையர், அதாவது ஆம்ப்பு, பழுது பாக்குறத பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நம்ம பேப்பர்ல இந்த மாதிரி வந்து எத்தன வருசம் ஆச்சுன்னு கோப்பிய ஆற வெச்சுட்டு முழுசா படிச்சேன். எழுதுனவரு நல்லாத்தான் எழுதியிருந்தாரு, ஆனா நடுவுல ஒரு வரி, ஸ்பீக்கரோட ஓம் (கரண்ட எவ்ளோ தடுக்குதுங்குற அளவு) கூடுதலா இருந்தா எந்த ஆம்ப்புக்கும் பயமில்ல, கொறஞ்சாதான் ஆபத்துன்னு. டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு அது சரி. வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்துன கண்ணாடிக் குழாய்) போட்ட பழைய கிட்டார் ஆம்ப்ப இத நம்பி ஒயர் பண்ணுனா என்ன ஆகும்னு எனக்கு தெரியும், ஏன்னா எங்களுக்கே ஆயிருக்கு.

அறுபதுகள்ல மலாய் கிட்டார் குழுக்கள் கலக்குன பாப் யே யே காலத்துல புடிச்ச கிட்டார் பைத்தியம் எங்க ரப்பர் தோட்டத்துலயும் ஒட்டிக்கிச்சு, லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு) ஒருத்தன் கிட்டார் வெச்சிருந்தான். எங்க இசைக்குழுவுல நான் ரிதம் கிட்டார். ஆம்ப்பு ஃபெண்டர் சூப்பர் ரிவெர்ப், கோலாலம்பூர்ல ஒரு குழு கலைஞ்சப்ப எங்க அண்ணன் செகண்ட் ஹேண்ட்ல வாங்கியாந்தது. அமெரிக்காவுல ஓடுறதுக்குன்னு செஞ்ச 120 வோல்ட் சாமான், நம்ம ஊரு 240ல அப்படியே சொருகுனா அன்னைக்கே கருமாதிதான், அதனால வோல்ட்ட கொறைக்கிற ஸ்டெப் டவுன் பெட்டி ஒண்ணும் கூடவே தூக்கணும். காண்டா (தோள்ல வெக்கிற காவடிக் கட்ட) போட்டு ரப்பர் பால் வாளி தூக்குன தோளு, அதனால தூக்குனோம்.

இந்த ஆம்ப்புல 10 இஞ்ச் ஸ்பீக்கர் நாலு, ஒவ்வொண்ணும் 8 ஓம், நாலும் பேரலல் (பக்கம் பக்கமா சேத்தது, ஓம் கொறையும்), மொத்தம் 2 ஓம். கம்பெனியிலயே அப்படித்தான் வரும். 2 ஓம்னு கேட்டதும் எல்லாருக்கும் பயம் வந்துரும், அங்கதான் வினையே.

ஒரு வருசம் எலி கடிச்சு ரெண்டு ஸ்பீக்கரோட கோன் (காகிதக் கூம்பு) கிழிஞ்சிருச்சு. டவுன்ல ஒரு ரிப்பேர் கடையில குடுத்தோம், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் பாக்குற கடை. புது கோன் ஒட்டிட்டு, "அண்ணே, எவனோ 2 ஓம்ல போட்டு வெச்சிருக்கான், எரிஞ்சு போயிரும், நான் 8 ஆக்கிட்டேன், இனிமே கவல இல்ல"ன்னு சொல்லி அதுக்கு காசுகூட வாங்கல. ரெண்டு ரெண்டா சீரிஸ் (ஒண்ணு பின்னால ஒண்ணு, ஓம் கூடும்) போட்டு, அந்த ரெண்டு ஜோடியையும் பேரலல் பண்ணியிருந்தாரு. கணக்கு சரிதான், 8 சரியா வரும். ஆனா அந்த ஆம்ப்பு கேட்டது 8 இல்லையே.

மாரியம்மன் திருவிழா ராத்திரி, மூணாவது பாட்டு, எங்க அண்ணன் வால்யூம ஏத்துனாரு. சவுண்டு மொத இருந்தே கொஞ்சம் ஒல்லியா, சுதியே இல்லாம இருந்துச்சு, நாங்கதான் புது கோன், அதனாலதான் இப்படின்னு நெனச்சிட்டோம். டப்புன்னு ஒரு சத்தம், ஃபியூஸ் போச்சு, மேடை பூரா கருகுன வாட. மறுநாள் தொறந்து பாத்தா வால்வு சாக்கெட்டுல ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவுல பென்சில்ல இழுத்த மாதிரி கருப்புக் கோடு, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் செத்துக் கெடக்கு. பாத்தவன் எல்லாம் பழசு, அதான் போச்சுன்னான். பழசுனால போகல.

ஏன்னு சொல்றேன். அந்த ஆம்ப்புல பவர் வால்வு 6எல்6ங்குற ரகம், ரெண்டு. அந்த ஜோடிக்கு ஏறக்குறைய 4000 ஓம் பாரம் எதிர்ல இருக்கணும். ஸ்பீக்கரோ 2 ஓம். நடுவுல தரகர் வேல பாக்குறதுதான் அவுட்புட் டிரான்ஸ்பார்மர், கம்பிச் சுத்து கணக்குல 45க்கு 1னு வெச்சா 45ஐ 45ஆல பெருக்கி ஓம் ஏறக்குறைய 2000 மடங்காகும், 2 ஓம் அங்க 4000ஆ தெரியும். நீங்க 8 மாட்டுனா அதே டிரான்ஸ்பார்மர் 16000னு காட்டும். தரகருக்கு புத்தி கெடையாது, குடுத்தத பெருக்கி சொல்லும், அவ்ளோதான். பாரம் இவ்ளோ ஓமா தெரிஞ்சா வால்வுல வோல்டேஜ் ஆட்டம் எகிறும், கரண்டு சட்டுன்னு நிக்கிறப்ப டிரான்ஸ்பார்மர் சுருள் திருப்பி அடிக்கும், அந்த அடி போக வழியில்லாம சாக்கெட்லயோ சுருளுக்குள்ளயோ பொறி பறக்கும். மேட்டுல சைக்கிள் மிதிக்கிறப்ப சங்கிலி கழண்டா எப்படி கவுந்து விழுவோமோ அதேதான். ஸ்பீக்கரே மாட்டாம வால்வு ஆம்ப்ப வாசிக்கக் கூடாதுன்னு சொல்றதும் இதனாலதான், டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் இல்லாட்டி ஒண்ணும் ஆகாது. ஃபெண்டர்காரங்க மெயின் ஸ்பீக்கர் ஓட்டையில பிளக் இல்லாதப்ப தானா ஷார்ட் ஆகுற (ரெண்டு முனையும் நேரா ஒட்டிக்கிற) ஜேக் போட்டிருக்காங்க பாருங்க, ஷார்ட் ஆனாக்கூட கொஞ்ச நேரம் தாங்கும், தொறந்து கெடந்தா தாங்காதுன்னு அவங்களுக்கு தெரியும். அந்த ஜேக்க விட்டுட்டு பக்கத்து எக்ஸ்ட்ரா ஸ்பீக்கர் ஓட்டையில மட்டும் ஸ்பீக்கர் மாட்டிட்டு சத்தமே வரலன்னு மண்டைய ஒடச்சுக்குறவங்களும் இருக்காங்க.

எல்லா ஆம்ப்பும் 2 ஓம்னு சொல்ல வரல. ட்வின் ரிவெர்ப்ல ரெண்டு 8 ஓம் பேரலல், 4 வரும். டீலக்ஸ் ரிவெர்ப்ல ஒரே ஸ்பீக்கர், 8. வாக்ஸ் ஏசி30ல ரெண்டும் சீரிஸ், 16. ஒண்ணுக்கு படிச்ச பாடத்த இன்னொண்ணுக்கு ஒப்பிக்கக் கூடாது. பாதியோ ரெட்டிப்போ மாறுனா பொதுவா தாங்கும்னு சொல்லுவாங்க, எங்களுக்கு மாறுனது நாலு மடங்கு.

வீட்ல பாக்கணும்னா ஆம்ப்ப ஆஃப் பண்ணி, ஸ்பீக்கர் பிளக்க உருவி, அதோட ரெண்டு முனையில மீட்டர் வைங்க. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 6லேந்து 7க்குள்ளதான் காட்டும், கெட்டுப்போச்சுன்னு தூக்கி வீசிராதீங்க. சின்ன ஓம் அளக்குறப்ப மொத மீட்டரோட ரெண்டு ஊசியையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டு அது காட்டுறத கழிச்சிக்கணும், சாயம் போன மீட்டரா இருந்தா அதுவே அரை ஓம் தின்னுரும். அப்புறம் அதே ரெண்டு முனையில ஒரு 9 வோல்ட் பேட்டரிய தொட்டு எடுத்து எல்லா கோனும் ஒரே பக்கம் நகருதான்னு பாருங்க, ஒண்ணு மட்டும் எதிர்ல போனா பேஸ் (அடித் தொனி) காணாம போயிரும். சேசிஸ்குள்ள (ஆம்ப்போட உள் தகரப் பெட்டிக்குள்ள) மட்டும் கை விடாதீங்க, பிளக்க புடுங்குன பொறகும் கரண்ட சேத்து வெக்கிற கெப்பாசிட்டர்ல 400 வோல்ட் தூங்கிட்டு இருக்கும்.

அந்த கடைக்காரரு மேல எனக்கு கோவம் இல்ல, ஒலிபெருக்கியில அவரு படிச்சது அது. ஆனா பேப்பர்ல வந்தா நூறு பேரு வெட்டி எடுத்து வெச்சுக்குவான், அதனால அந்த வரிக்கு ஒரு திருத்தம் போட்டீங்கன்னா நல்லது.

எங்க ஆம்ப்பு இப்ப வேற டிரான்ஸ்பார்மரோட மறுபடி 2 ஓம்ல ஓடுது, சரியா சொன்னா 2.7, ஏன்னா நாலாவது ஸ்பீக்கர் கரகரன்னு ஆயி கழட்டி வெச்சிருக்கேன். மூணே ஓடுனாலும் பக்கத்துலதான் இருக்கு, அதனால பயமில்ல. 10 இஞ்ச், 8 ஓம், பழசு, யாரு வீட்டு ஸ்டோர்லயாச்சும் சும்மா கெடந்தா பேப்பர் மூலமா தகவல் சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்குறேன்.

இப்படிக்கு,
பழைய ரிதம் கிட்டார்க்காரன்,
சுங்கை சிப்புட், பேராக்