தோளில் விழும் உதையும் தோட்டாவின் ஒழுங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி சுடும் போட்டி பற்றித் தங்கள் இளைஞர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, எங்கள் ஊர்க் கல்லூரி மாணவர்கள் இருவர் என்னைத் தேடி வந்தார்கள். "அண்ணாச்சி, வெளிநாட்டுக்காரன் தோட்டாவை வீட்டிலேயே கட்டிக்கிடுதானாமே, குறியும் தப்பாதாம், தோளும் வலிக்காதாம். நாம செஞ்சா என்ன?" என்றார்கள். பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவனாக, ரைஃபிள்களைக் கழற்றி மாட்டியே காலம் போக்கியவன் நான். அவர்களுக்குச் சொன்னது மற்ற பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும்.

தோட்டா கட்டுவதென்றால், சுட்ட காலிக் கூட்டில் மறுபடி தீப்பற்றும் மருந்தும் வெடிமருந்தும் வைத்து, முனையில் குண்டைச் செருகுவது. அதைச் செய்யவே கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். சட்டம் கிடக்கட்டும், உயிர் முக்கியம். வெடிமருந்து ஒரு பங்கு கூடிவிட்டால் துப்பாக்கி முகத்துக்கு நேரே வெடிக்கும். குறைந்தாலும் ஆபத்துதான்: குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

ஆனால் அந்த வெளிநாட்டுக்காரர்கள் ஏன் அப்படி மெனக்கெடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொள்வது நல்லது. வேகத்தைக் கூட்டுவதற்காக என்று நினைக்கிறார்கள், அது தவறு. ஒரு தோட்டாவைப் போலவே அடுத்ததும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அவர்கள் மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம், நம் ஆசாரிமார் பொன் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள். ஒரே கம்பெனிக் கூடு, ஒரே எடைக் குண்டு, கூட்டுக்குள் குண்டு இறங்கும் ஆழமும் ஒன்றே. நிறையப் பேர் மருந்தை உச்ச அளவுக்குக் கொண்டுபோவதே இல்லை. கொஞ்சம் குறைந்த அளவில்தான் அவர்கள் ரைஃபிளில் குண்டுகள் நெருக்கமாக விழும். சுட்டதும் ரைஃபிள் பின்னால் தள்ளித் தோளில் விழும் உதையும் குறையும்.

நம் பிள்ளைகள் என்.சி.சி.யில் சுடுவது பாயின்ட் 22 என்னும் சின்னத் தோட்டா. அந்தத் தோட்டாவைச் சாதாரணமாக மறுபடி கட்ட வழியில்லை. தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைத்து வருகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் போட்டியும் இதே பாயின்ட் 22தான். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். அந்த மட்டத்தில் சுடுபவர்கள் தோட்டா கட்டுவதில்லை. பல லாட் (ஒரே தடவையில் சேர்த்துத் தயாரித்த தொகுதி) தோட்டாக்களைத் தங்கள் ரைஃபிளிலேயே சுட்டுப் பார்த்து, எது கூட்டமாக விழுகிறதோ அந்த லாட்டையே மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். நாமும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணைப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு ஒரே லாட்டில் கொடுக்கலாமே. இதற்குக் காசா பணமா? ஆனால் நான் பார்த்த முகாம்களில் இரண்டு மூன்று பெட்டிகளை ஒன்றாகக் கொட்டித்தான் அள்ளிக் கொடுத்தார்கள்.

இனி உதை. பழைய பட்டாள ரைஃபிளான திரீ நாட் திரீயின் குண்டு சுமார் 11 கிராம், நொடிக்கு 740 மீட்டர் வேகம். பாயின்ட் 22 குண்டு இரண்டரை கிராம் சொச்சம், வேகம் 330 மீட்டர் அளவு. ரைஃபிள் எடை ஒன்றாகவே இருந்தாலும் பின்னதன் உதை முன்னதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிறகு ஏன் பிள்ளைகள் கண்ணை மூடுகிறார்கள்?

சேரன்மகாதேவிப் பக்கத்து மாணவி ஒருத்திக்குக் குண்டெல்லாம் கீழேயே போய்க்கொண்டிருந்தது. அவள் அறியாமல், சுட்ட காலிக் கூடு ஒன்றை நானே உள்ளே வைத்து, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டை அடைத்துக் கொடுத்தேன். டிரிகரை இழுத்தாள். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது; ஆனால் குழல் முனை ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றது, அவளுடைய தோளும் முன்னே தள்ளியிருந்தது. வராத உதைக்கு உடம்பு பயந்திருக்கிறது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. காதில் அடைப்பான் கொடுத்து, காலிக் கூட்டையும் நல்ல தோட்டாவையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சுட வைத்தேன். போகப் போக முனை ஆடாமல் நின்றது. உதை என்று பிள்ளைகள் சொல்வதில் பெரும்பங்கு சத்தம்தான் என்பது என் உறுதியான கருத்து. தோள் வலித்தால்தான் வீரம் என்று மைதானத்தில் பேசும் பயிற்சியாளர்கள் இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

ரைஃபிளின் பின்னால் தோளில் பதியும் மரக் கட்டையின் நீளத்தை நம் ஊரில் யாரும் பார்ப்பதேயில்லை. அந்தத் திரீ நாட் திரீயான பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்குக் கட்டை பல நீளங்களில் வந்தது. குட்டை என்றால் எஸ், நீளம் என்றால் எல் என்று மரத்தில் எழுத்து குத்தியிருக்கும். ஐந்தடிப் பிள்ளையிடம் நீளக் கட்டையைக் கொடுத்தால் அது தோள் குழியில் உட்காராமல் புஜத்து எலும்புக்கு நழுவும். அங்கே பட்டால் எந்த உதையும் வலிக்கும். முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை மடிப்பில் ஒட்டி வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு சிரமமில்லாமல் டிரிகரைத் தொட்டால் ஓரளவு சரி. பிறகு காறை எலும்புக்குக் கீழே உள்ள குழியில் இறுக்கிப் பிடித்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, கொஞ்சம் முன்னே சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். இடைவெளி விட்டுத் தளர்வாகப் பிடித்தால்தான் அடி விழும்.

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரிப் பக்கத்துப் பள்ளி, கல்லூரிகளில் என்.சி.சி. பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள் அடுத்த முகாமுக்கு முன் காது அடைப்பான் வாங்கி வையுங்கள், ரைஃபிள் கட்டைகளை நீளவாரியாகப் பிரித்து வையுங்கள். அளந்து பிரிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார்,
வீரவநல்லூர்.