கப்பல் யாருடையது? யாழ்ப்பாண வணிகர்களுக்கும் கூட்டுறவாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வணிகப் பெருமக்களுக்கும், கூட்டுறவுச் சங்கங்களை நடத்திவரும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். நான் சுன்னாகத்தில் மொத்தக் கடைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைப்பவன். காங்கேசன்துறையைப் பற்றி உங்களிடம் ஒரு விடயம் கேட்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

துறைமுகத்தைத் திருத்துவதற்கு 6 கோடியே 15 இலட்சம் டொலரை நன்கொடையாகத் தருவதாக இந்தியா சொல்லியிருக்கிறது. 2023 ஒக்டோபர் 14 அன்று நாகபட்டினத்திலிருந்து ‘செரியபாணி’ என்ற பயணிகள் கப்பல் வந்தது. மாரி வந்துவிட்டது என்று ஒரு வாரத்திலேயே சேவையை நிறுத்தினார்கள். 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’ ஓடத் தொடங்கியது. அடுத்தது சரக்குக் கப்பல் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். அலைதாங்கி எவ்வளவு நீளம், வாய்க்கால் எவ்வளவு ஆழம், சுங்கம் எங்கே இருக்கும் என்றெல்லாம் கூட்டங்களில் கேள்வி எழுகிறது. வரப்போகும் கப்பல் யாருடையதாக இருக்கும் என்ற கேள்வியை யாரும் எழுப்பி நான் இன்னும் ஒரு கூட்டத்திலும் கேட்கவில்லை. ஏற்றும் சரக்குக்கான கூலியைத் தீர்மானிப்பவர் கப்பல் சொந்தக்காரர்தான். சேவையை எப்போது நிறுத்துவது என்பதும் அவர் கையில்தான்.

இதே கேள்வியை 1906 இல் தூத்துக்குடியில் சிலர் கேட்டார்கள். வ. உ. சிதம்பரம்பிள்ளையின் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். செக்கிழுத்தார் என்பதும் தெரியும். அந்தக் கம்பனியின் கணக்கையும் அதன் பங்காளிகளையும் பற்றி நாம் பேசுவது குறைவு. எனக்கு அந்தப் பக்கம்தான் முக்கியமாகப் படுகிறது. அந்தக் கப்பல்கள் ஓடியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் என்பதால், கதையில் பாதி இந்தத் தீவுக்கும் சொந்தம்.

அந்த வழியில் அப்போது கோலோச்சியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பனி. ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் மக்கினன் 1856 இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையில் தபால் கொண்டுபோகத் தொடங்கிய கம்பனி அது. 1862 இல் பெயரை மாற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவையும் அரபிக் கடலையும் சுற்றி வளைத்தது. அதன் பலம் கப்பல்களின் எண்ணிக்கையில் மட்டும் இருக்கவில்லை. அரசாங்கத் தபால் ஒப்பந்தம் அதன் பையில் இருந்தது. ஒரு வழியில் நட்டம் வந்தால் இன்னொரு வழியின் வருமானத்தால் அடைத்துக்கொள்ள அதனால் முடியும்.

தூத்துக்குடி வியாபாரிகள் முதலில் கப்பல் வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுத்தார்கள். ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பனியின் கப்பல்கள் அவை. வெள்ளைக் கம்பனி அந்த உரிமையாளரை நெருக்கியது. அவர் வாடகையை முறித்துக்கொண்டார். கப்பல் இல்லை, ஏற்ற வேண்டிய சரக்கு மட்டும் கரையில் கிடக்கிறது. அந்த நேரத்தில் இலங்கையிலிருந்து ஒரு பெரிய சரக்குக் கப்பலை வாடகைக்கு எடுத்துச் சேவையைத் தொடர்ந்தார் வ.உ.சி. அந்த இலங்கைக் கப்பலைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

வாடகைக் கப்பலை நம்பி இருக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. 1906 ஒக்டோபர் 16 இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பனியைப் பதிவு செய்தார்கள். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது ஐந்தில் ஒன்றை, 2 இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினார். அந்த முஸ்லிம் வணிகரின் பணம் இல்லாவிட்டால் கம்பனி எழுந்தே இருக்காது. தலைவராக இருந்தவர் பாலவநத்தம் ஜமீந்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே தேவர். எங்கள் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் அந்தச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழில் எழுதியவர். இலக்கணத்துக்காக அந்தக் கரையோடு உறவு வைத்திருந்த நமக்கு, கப்பலுக்காகவும் வைத்திருக்க இடம் இருந்தது.

சும்மா சொல்லவில்லை. பங்குகளை இந்தியர் மட்டுமல்லாமல் இலங்கையரும் மற்ற ஆசிய நாட்டவரும் வாங்கலாம் என்றுதான் அந்தக் கம்பனி வைத்திருந்தது. இந்த மூன்று பகுதியினருக்கும் கப்பலோட்டும் தொழிலைப் பழக்குவதையும், கப்பல் கட்டும் துறை அமைப்பதையும் தன் நோக்கங்களில் எழுதி வைத்தது. கூலிக்குச் சரக்கேற்றும் கம்பனியாக மட்டும் அதை அவர்கள் நினைக்கவில்லை. மாலுமி முதல் முதலாளி வரை எல்லாம் இந்தக் கடலின் மக்களாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஏறக்குறைய 120 வருடம் ஆகிறது. காங்கேசன்துறைக்காக இன்று யாராவது எழுதுகின்ற திட்ட அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்குமா?

பிறகு ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு நீராவிக் கப்பல்களைச் சொந்தமாக வாங்கினார்கள். 1907 இல் அவை ஓடத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம், சரக்குத் தனி. உடனே கூலிச் சண்டை மூண்டது. வெள்ளைக் கம்பனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி எட்டணாவுக்கு இறங்கியது. அதற்கு மேல் இறங்க இடமில்லாமல், இலவசமாகவே ஏற்றுகிறோம், ஏறுகிறவருக்கு ஒரு குடையும் தருகிறோம் என்றது வெள்ளைக் கம்பனி.

அந்தக் குடையை நான் ஒரு கணக்கனாகப் பார்க்கிறேன். ஆயிரம் பேருக்குக் குடை கொடுத்தாலும் அந்தச் செலவு பெரிய கம்பனியின் பேரேட்டில் ஒரு மூலையில் ஒரு வரி. சுதேசிக் கம்பனிக்கோ எட்டணாவுக்கு ஓடிய ஒவ்வொரு பயணமும் பங்குப் பணத்தை நேரடியாகக் கரைத்தது. நிலக்கரி, மாலுமி சம்பளம், துறைமுகக் கட்டணம் எதுவும் எட்டணாவாகக் குறையவில்லையே. நட்டத்தில் ஓடும் மாதங்களைத் தாங்குவதற்கு ஒதுக்கி வைத்த பணம் என்று ஒன்று அதற்குப் பெரிதாக இருக்கவில்லை. மக்களின் ஆதரவு நிறைய இருந்தது. அந்த ஆதரவுதான் அவ்வளவு நாளாவது கம்பனியைத் தூக்கிப் பிடித்தது என்று நான் நம்புகிறேன்.

1908 மார்ச் 12 இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஜூலை மாதம் இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் நாற்பது ஆண்டு என்று தீர்ப்பு. மேன்முறையீட்டில் அது குறைந்தது. அவர் உள்ளே போனதும் கம்பனியின் மூச்சும் அடங்கியது. கப்பல்கள் விற்கப்பட்டன. 1911 இல் கம்பனியையே கலைத்துவிட்டார்கள். 1912 டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கரையில் அவருக்கென்று ஒரு கப்பலும் இல்லை. பிரிட்டிஷ் இந்தியா கம்பனி 1914 இல் பி அன் ஓ கம்பனியோடு இணைந்து இன்னும் பெருத்தது.

அரசு நசுக்கியது, அதனால் கம்பனி விழுந்தது என்று இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். அது உண்மை. ஆனால் உங்களைப் போல் வியாபாரம் தெரிந்தவர்கள் அதோடு நிறுத்தக் கூடாது. ஒரே ஒரு மனிதரின் தோளில் கம்பனி நின்றது. நீண்டகாலச் சரக்கு ஒப்பந்தமோ தபால் ஒப்பந்தமோ அதனிடம் இருக்கவில்லை. ஆரம்பத்தில் வாடகைக் கப்பலின் சொந்தக்காரர் ஒருவரை மட்டும் நம்பியது. இதெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். இன்று நம்மை யாரும் செக்கிழுக்க வைக்கப் போவதில்லை. ஆனால் கூலியைக் குறைத்து நம்மைத் துரத்திவிட்டு, பிறகு நிதானமாகக் கூலியை உயர்த்துவது இன்றும் நடக்கக்கூடியதுதான்.

நம்மிடம் கப்பல் இல்லாமல் இருந்ததும் இல்லை. வல்வெட்டித்துறையின் பாய்மரக் கப்பல்கள் ரங்கூனிலிருந்து அரிசியும் மோல்மேனிலிருந்து தேக்கும் ஏற்றி வந்தவை. வல்வைச் சிவன் கோயிலைக் கட்டிய பெரியவர் வெங்கடாசலம்பிள்ளை கப்பல் சொந்தக்காரர். அந்தக் கரையில் மேத்திரிமார் கட்டிய ‘அன்னபூரணி’யை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். வல்வைத் தண்டையலும் (கப்பல் தலைவர்) மாலுமிகளும் ஓட்டிக்கொண்டு போக, 1938 ஓகஸ்டில் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. கட்டியவரும் ஓட்டியவரும் நம்மவர். இந்தப் பெருமையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் கூடவே வரும்: அப்படிப்பட்ட கைகளை வைத்துக்கொண்டு நாம் ஒரு நீராவிக் கப்பல் கம்பனியை நடத்தவில்லை. காற்றுக்குக் காத்திருக்காத கப்பல் வந்ததும் நம் துறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அதன் விலையை 2006 இல் கொடுத்தோம். போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை ஓகஸ்ட் 11 இல் மூடப்பட்டது. பிறகு குடாநாட்டுக்குச் சீனி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். ‘கப்பல் வந்திட்டுதாம்’ என்று யாராவது சொன்னால் சங்கக்கடை வாசலில் குடும்ப அட்டையோடு வரிசை சேர்ந்துவிடும். சனம் விடியும் முன்னமே பையை வைத்து இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய் வரும். மாப்பாலுக்காக நின்ற தாய்மாரை நான் மறக்கவில்லை. அந்தக் கப்பல்களில் ஒன்றுகூட நம்முடையது இல்லை. எப்போது வரும், எதை ஏற்றி வரும் என்று கேட்கவும் நமக்கு வழி இருக்கவில்லை.

இப்போதைய கணக்கையும் பாருங்கள். என் மேசைக்கு வருகின்ற பற்றுச்சீட்டுகளில் இந்திய வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். மூட்டை தூத்துக்குடியில் ஏறும், கொழும்பில் இறங்கும். துறைமுகக் கட்டணம், களஞ்சிய வாடகை, இறக்குகூலி, திரும்ப ஏற்றுகூலி, 400 கிலோமீற்றருக்கு லொறிக்கூலி, சுன்னாகத்தில் இன்னொரு இறக்குகூலி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அழுகல் கழிவு வேறு. நாகபட்டினமோ காங்கேசன்துறையிலிருந்து ஏறக்குறைய 110 கிலோமீற்றர்தான்.

சரி, இதில் கஷ்டமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வரும் கப்பலுக்குச் சரக்கு உண்டு, திரும்பும் கப்பலுக்கு என்ன ஏற்றுவது? பாதி வெறுமையாகத் திரும்பினால் வந்த சரக்கின் கூலி ஏறும். முன்பு நம் திரும்புச் சரக்கு புகையிலை. திருவிதாங்கூர் வரை போனது. இன்று பனங்கட்டி, ஒடியல், கருவாடு, நண்டு என்று சேர்க்க வேண்டும். அதற்குக் கரையில் குளிர்க்களஞ்சியமும் இந்தியப் பக்கத்தில் வாங்குபவரும் முதலில் வேண்டும். மாரியில் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் சின்னக் கப்பல் கட்டியே கிடக்கும். கிடக்கும் மாதத்துக்கும் மாலுமிக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

ஆகவேதான் உங்களிடம் கேட்கிறேன். தனி முதலாளி ஒருவர் இந்தச் சுமையைத் தூக்கமாட்டார். தூக்கினால் நம் கழுத்தில்தான் வைப்பார். நாம் சேர்ந்து ஒரு கப்பல் கம்பனி தொடங்க வேண்டும். ஆசிரியரும் கடற்றொழிலாளர் சங்க உறுப்பினரும் வாங்கக்கூடிய விலையில் பங்கு இருக்க வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் போடலாம். யாரும் இத்தனைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஓர் எல்லையும் வேண்டும். முதல் இரண்டு வருடம் நட்டம் வரும் என்று எடுத்துக்கொண்டு, சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைக்க வேண்டும். தொடக்கத்தில் கப்பலை வாடகைக்கு எடுப்பதுதான் புத்தி. ஆனால் ஒரே சொந்தக்காரரிடம் வேண்டாம், இடையில் முறிக்க முடியாதபடி ஒப்பந்தம் வேண்டும். மூளாயில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நடத்திக் காட்டிய சமூகத்துக்குப் பங்குப் புத்தகமும் நிர்வாக சபையும் புதிதல்ல.

வல்வெட்டித்துறை, மாதகல், ஊர்காவற்றுறைப் பிள்ளைகளை மாலுமிப் பயிற்சிக்கு அனுப்புவதையும் முதல் அமைப்பு விதியிலேயே எழுதிவிடுங்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டால் அது நடக்காது.

உங்கள் சங்கங்களின் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்க்கும்படி வேண்டுகிறேன். தூத்துக்குடியிலிருந்து வரும் ஒரு மூட்டைக்கும் நாகபட்டினத்திலிருந்து வரக்கூடிய ஒரு மூட்டைக்கும் உள்ள செலவு வித்தியாசத்தை நான் கணக்குப் போட்டு எடுத்து வருகிறேன். கடைக்காரர்கள் தங்கள் பற்றுச்சீட்டுகளைத் தந்தால் அந்தக் கணக்கு இன்னும் திருத்தமாக வரும். கூட்டம் எந்த ஊரில் வைத்தாலும் வருவேன். பங்கு விற்பனை தொடங்கும் நாளில் என் பணமும் அங்கே இருக்கும்.

இப்படிக்கு,
சுன்னாகத்திலிருந்து ஒரு கணக்கெழுதுபவர்