வினாடி வினா விடைகளுக்கு எல்லையும் தேதியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வெளிவரும் பொது அறிவு வினா விடைகளைப் பற்றி ஒரு வேண்டுகோளைத் தங்கள் முன் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தச் சிறு பகுதி எங்கள் நீலகிரி மாவட்டத்தில் எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது என்பதைத் தங்கள் அலுவலகத்தில் இருந்துகொண்டு அறிவது கடினம். இங்குள்ள பள்ளிகள் சிலவற்றில் அதைக் கத்தரித்து, கோடு போட்ட பெரிய நோட்டில் வரிசையாக ஒட்டிவைத்து, கல்வி வளர்ச்சி நாளுக்கோ ஆண்டு விழாவுக்கோ நடக்கும் வினாடி வினாப் போட்டிக்கு அந்த நோட்டையே வினா வங்கியாகப் பயன்படுத்துகிறார்கள். சமூக அறிவியல் ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் அப்படிப்பட்ட மூன்று நோட்டுகளை நிரப்பியவன். ஆகவே தாங்கள் ஒரு வரியில் அச்சிடும் விடை, இங்கே மேடையில் மேல்முறையீடு இல்லாத தீர்ப்பாகிவிடுகிறது.

சென்ற ஆண்டின் கடைசியில், பனி இறங்கத் தொடங்கிய நாள்களில், பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டிக்கு மதிப்பெண் குறிப்பவனாக என்னை அழைத்திருந்தார்கள். இறுதிச் சுற்றின் கடைசி வினா வரும்போது இரண்டு அணிகள் 65 மதிப்பெண்களில் சமமாக நின்றன. "தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் எது?" என்று நடத்துநர் கேட்டு முடிப்பதற்குள், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேசை மணியைத் தட்டி, "ஆனைமுடி" என்றாள். நடத்துநர் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "தவறு" என்றார். வினா அடுத்த அணிக்குப் போனது; அவர்கள் "தொட்டபெட்டா" என்றார்கள்; கைதட்டல் எழுந்தது. "சார், அது தமிழ்நாட்டுக்கு..." என்று அந்தப் பெண் தொடங்கினாள். அவளை அழைத்து வந்திருந்த ஆசிரியை கையமர்த்திவிட்டார். கையில் சுண்ணக்கட்டியோடு நின்றிருந்த நான், அடுத்த அணியின் பெயருக்குக் கீழே பத்தைக் கூட்டி எழுதினேன். தேநீர் இடைவேளையில் நடத்துநரிடம் போய்ச் சொன்னபோது, அவர் கோபப்படவில்லை. பேருந்து நிலையக் கடையில் வாங்கிய பொது அறிவுக் கையேட்டைத் திறந்து, "அச்சிலேயே இப்படித்தான் இருக்கிறது சார்" என்று காட்டினார். அதற்குள் சான்றிதழ்களில் பெயர் எழுதி முடித்திருந்தார்கள்.

ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். அது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். தமிழ்நாட்டில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. இடைவெளி வெறும் 58 மீட்டர். தொட்டபெட்டா என்ற பெயருக்கே படகர் மொழியில் பெரிய மலை என்றுதான் பொருள். தினமும் அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கும், கையேடு தொகுத்தவருக்கும் அதுவே எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் வினாவில் "தமிழ்நாட்டின்" என்ற சொல்லை எடுத்துவிட்டுத் "தென்னிந்தியாவின்" என்ற சொல்லை வைத்தவுடன் விடை வேறு மாநிலத்துக்குப் போய்விடுகிறது என்பதைக் கேள்வி கேட்பவர் உணர்ந்திருக்க வேண்டும்.

இந்த எல்லைச் சொல்லை அலட்சியம் செய்வதால் வரும் குழப்பங்களுக்குக் கணக்கே இல்லை. புவிசார் குறியீடு பெற்ற முதல் கோயில் பிரசாதம் எது என்று கேட்டால், நாட்டளவில் அது 2009-இல் பெற்ற திருப்பதி லட்டு. தமிழ்நாட்டளவில் என்றால் 2019-இல் பெற்ற பழனி பஞ்சாமிர்தம். எல்லையைச் சொல்லாமல் கேட்டுவிட்டு இரண்டில் ஒன்றைத் தவறு என்று அடிப்பது நியாயமாகாது. எங்கள் மலை ரயில் எந்த ஆண்டில் தொடங்கியது என்ற வினா, நீலகிரியில் நடக்கும் போட்டிகளில் தவறாமல் இடம்பெறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கிய ரயில், உதகமண்டலம் வரை வந்து சேர்ந்தது 1908-இல். இரண்டு ஆண்டுகளும் இரண்டு கையேடுகளில் விடையாக இருக்கின்றன; எந்தப் பகுதியைப் பற்றிக் கேட்கிறோம் என்பதை மட்டும் இரண்டுமே சொல்லவில்லை. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் கதையும் அதுவே: இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது 1986-இல், யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது 2000-இல்.

எல்லையை விடவும் பெரிய தொல்லை தேதி. தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள் என்ற வினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இன் தொடக்கத்தில் 32 என்பது சரியான விடை. கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவை பிரிக்கப்பட்டதால், அதே ஆண்டின் முடிவுக்குள் அது 37 ஆயிற்று. மயிலாடுதுறையும் பிரிந்தபோது, 2020-இல் 38 ஆயிற்று. மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் கணக்கும் அந்தக் காலத்திலேயே இருமுறை மாறியது: 2019 அக்டோபர் 31 முதல் 28 மாநிலங்களும் 9 யூனியன் பிரதேசங்களும், தாத்ரா நாகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாக்கப்பட்ட 2020 ஜனவரி 26 முதல் 28 மாநிலங்களும் 8 யூனியன் பிரதேசங்களும். எவரெஸ்டின் உயரம் 8,848 மீட்டர் என்று மூன்று தலைமுறை மனப்பாடம் செய்தோம். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 என்று அறிவித்தன. சனிக்கோளின் நிலவுகளைப் பற்றிக் கேட்பவர்களோ, வினாவை எழுதிய மாதத்தையும் சேர்த்துச் சொல்வது நல்லது. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 நிலவுகள் சேர்க்கப்பட்டு, எண்ணிக்கை 274-க்குப் போய்விட்டது. ஆனால் எங்கள் கையேடுகளிலும், ஒட்டிவைத்த நோட்டுகளிலும் இவை அனைத்தும் தேதியே இல்லாமல், கல்லில் வெட்டிய எழுத்தாக நிற்கின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய விடை, அதைவிடப் புதிய செய்தியைப் படித்த பிள்ளையைத் தோற்கடிக்கிறது. நிறையப் படிக்கிற பிள்ளைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

பிறரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று நான் எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்பதற்கு அளவில்லை. போட்டிகளில் அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறேன். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு பள்ளி மாணவி கேட்ட கேள்விக்கு மத்திய விளையாட்டு அமைச்சகம் 2012-இல் பதில் தந்ததைப் பத்திரிகையில் படித்த பிறகே எனக்கு அது தெரியவந்தது. அந்த மாணவி கேட்ட கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அச்சில் இருந்தது, அதனால் நம்பினேன்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். ஒரு விடைக்குக் காரணம் தெரிந்திருந்தால், அட்டையில் தவறாக அச்சாகியிருந்தாலும் பிள்ளையால் வாதாட முடியும், நடுவரும் யோசிப்பார். வெறும் பெயரும் ஆண்டும் மட்டும் தெரிந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. எங்கள் மாவட்டத்தில் காரணம் கேட்பதற்கு ஏற்ற பொருள்கள் கண்ணெதிரே கிடக்கின்றன. முத்தோரையில் 1970 முதல் இயங்கும் வானொலித் தொலைநோக்கியைப் பற்றிக் கேட்கும்போது, அது எங்கே இருக்கிறது, நீளம் எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடுகிறோம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது ஏன் ஒரு மலைச்சரிவில், வடக்குத் தெற்காகச் சாய்த்துக் கட்டப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. தேர்ந்தெடுத்த சரிவின் சாய்வும் அதே 11 பாகை. ஆகவே தொலைநோக்கியின் நீண்ட அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. பூமி சுழலும் வேகத்துக்கு ஏற்ப அந்த ஒரே அச்சில் அதைத் திருப்பிக்கொண்டே போனால், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக விடாமல் தொடர முடியும். இதைக் கரும்பலகையில் ஒரு கோணமானி படம் வரைந்து விளக்கியபோது, கடைசி வரிசைப் பையன் ஒருவன், "அப்போ இதைச் சென்னையில கட்டணும்னா வேற சரிவு தேடணுமா சார்?" என்று கேட்டான். பதின்மூன்று பாகைச் சரிவைச் சென்னையில் எங்கே தேடுவது என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். அந்த வகுப்பில் இருந்த ஒருவருக்கும் 11 என்ற எண் மறந்திருக்காது என்று துணிந்து சொல்வேன்.

மலை ரயிலும் அப்படியே. 208 வளைவுகள், 16 குகைகள் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளிடம், கல்லாறிலிருந்து குன்னூர் வரை மட்டும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஏன் கிடக்கின்றன, அந்த ஏற்றத்தில் நீராவி எஞ்சின் பெட்டிகளுக்கு முன்னால் நின்று இழுக்காமல் பின்னால் நின்று ஏன் தள்ளுகிறது என்று கேட்டால் திகைக்கிறார்கள். ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் அந்தப் பாதையில் வழவழப்பான சக்கரம் வழுக்கும், பல்லில் பல் பொருந்தினால்தான் ஏறும். ஒரு பெட்டியின் இணைப்பு கழன்றாலும் அது கீழே உருண்டோடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். குன்னூர் நிலைய நடைமேடையில் கால் மணி நேரம் நின்று பார்த்தால் இதில் பாதி தானே விளங்கிவிடும்.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். மாணவர் பக்கத்தில் மாறக்கூடிய எண் எதை அச்சிட்டாலும், பக்கத்திலேயே எந்த மாத நிலவரம் அது என்று சிறிய எழுத்திலாவது குறிப்பிடுங்கள். "முதல்", "பெரிய", "உயரமான" என்ற சொற்கள் வரும் வினாக்களில், ஊரளவிலா, மாநில அளவிலா, நாட்டளவிலா என்பதை வினாவுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். பிழை நேர்ந்தால், திருத்தத்தை வேறு பக்கத்தின் மூலையில் போடாமல், அடுத்த வாரம் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். அப்போதுதான் அதை வெட்டிப் பழைய விடையின் மேலேயே ஒட்ட முடியும். வினா விடைகளின் பின்பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டியை அச்சிடாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றை வெட்டினால் மற்றொன்று போய்விடுகிறது என்று வீடுகளில் சண்டை நடக்கிறது.

திருத்தத்தைத் தொடங்குவதற்கு ஒரு வினாவும் கையில் இருக்கிறது. அண்மையில் தங்கள் பக்கத்தில், உதகமண்டலத்தில் ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகளை வகுத்தவர் யார் என்ற வினாவுக்கு, "பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லைன்" என்று விடை தரப்பட்டிருந்தது. பெயர் சரி, ஆள் வேறு. 1875-இல் ஜபல்பூர் முகாமில் அந்த விளையாட்டைத் தொடங்கி, 1882-இல் உதகை கிளப்பில் விதிகளை எழுதி வைத்தவர் அதே பெயர் கொண்ட ஓர் இராணுவ அதிகாரி. பிற்காலத்தில் பிரதமரான சேம்பர்லைன் பிறந்தது 1869-இல். ஜபல்பூரில் பந்து உருண்ட ஆண்டில் அவருக்கு வயது ஆறு. இதை வரும் வாரம் திருத்தி வெளியிட்டால், எங்கள் பள்ளி நோட்டில் பழைய சீட்டின் மேல் புதியதை ஒட்டும்படி அங்கு இப்போது பணியாற்றும் ஆசிரியரிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.