பிடித்தம் போக

அன்புள்ள மணி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மா இப்போது எதையும் பிடித்துக்கொள்ளாமல் நடக்கிறார். நெட்டையன் போன வாரம் பேசினான். அந்த சைக்கிள் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மகளுக்கு முதல் சம்பளம் வந்தது. சம்பளச் சீட்டை மேஜையில் வைத்து ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தவள், வரிப் பிடித்தம் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். "என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்களாப்பா?" என்றாள். எல்லோருக்கும் அப்படித்தான் என்றேன். "எதுக்குன்னு யாராவது சொன்னாங்களா?" அவள் விரல் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து இதே யோசனைதான். நீ ஆயுள் முழுக்க அரசுக் கணக்கோடு புழங்கியவன், சண்டைக்கு வருவாய். சாலை யார் போடுவது, ஆஸ்பத்திரி யார் நடத்துவது என்று ஆரம்பிப்பாய். வரியே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? எடுக்கிற கைக்கு எல்லை எங்கே என்றுதான் கேட்கிறேன்.

சம்பளத்திலேயே பிடிக்கிற வழக்கத்தைப் பார். அமெரிக்காவில் 1943, பிரிட்டனில் 1944. இரண்டுமே போர் நடுவில் பரவலாக்கியவை. போர் 1945-ல் முடிந்தது, பிடித்தம் முடியவில்லை. பணத்தை எண்ணிக் கையால் கொடுக்கிறவனுக்கு வலிக்கும், வலித்தால் கேள்வி கேட்பான். கண்ணில் படாத பணத்துக்கு யார் கணக்குக் கேட்பார்கள்?

'தற்காலிகம்' என்ற சொல் வந்தாலே எனக்கு இப்போது சந்தேகம். பிரான்சோடு நடந்த போர்களுக்காகத்தான் பிரிட்டனில் வருமான வரி வந்தது. முதலில் வந்தது 1799-ல். போர் முடிந்ததும் 1816-ல் மக்கள் விடாமல் எதிர்த்து அதை எடுக்க வைத்தார்கள். பதிவேடுகளையே அழிக்கச் சொன்னது நாடாளுமன்றம்! 1842-ல் மூன்றே வருடத்துக்கு என்று திரும்ப வந்தது. இன்றுவரை போகவில்லை. ஜெர்மனியில் 1902-ல் நுரைக்கும் ஒயினுக்கு வரி போட்டார்கள், பேரரசரின் கடற்படைக்குப் பணம் சேர்க்க. அந்தக் கடற்படையின் பெரும்பகுதி 1919-ல் ஸ்காட்லாந்தை ஒட்டிய ஸ்காப்பா ஃப்ளோ கடற்பகுதியில் தன் மாலுமிகள் கையாலேயே மூழ்கியது. வரியை 1933-ல் எடுத்தார்கள், 1939-ல் இன்னொரு போர் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கப்பல் கடலுக்கடியில், வரி இன்னும் பாட்டிலின் மேல்.

செலவுப் பக்கம் வா. நிதியாண்டு முடிய நாலு நாள் இருக்கும்போது உங்கள் அலுவலகத்தில் பெட்டி பெட்டியாக அச்சு இயந்திரங்கள் வந்து இறங்கியதை நீதானே சொன்னாய்? பிரிக்கப்படாமலே மாடிப்படிக்குக் கீழே அடுக்கிக் கிடந்தனவாம், ஒன்றின் மேல் ஒருவர் டிபன் பாக்ஸ் வைத்திருந்தாராம். செலவழிக்காத பணம் திரும்பிப் போகும், அடுத்த வருடம் குறைத்துத் தருவார்கள் என்ற பயம். உங்கள் அலுவலகம் மட்டுமில்லை. அமெரிக்க மத்திய அரசின் கொள்முதலை ஆராய்ந்தவர்கள், ஆண்டின் கடைசி வாரச் செலவு மற்ற வாரங்களின் சராசரியைப் போல சுமார் 5 மடங்கு என்று கண்டிருக்கிறார்கள். அதில் யாரும் திருடவில்லை, மணி. மிச்சம் பிடித்தவனைத் தண்டிக்கிற விதிதான் தப்பு. அதுதான் எனக்குத் திருட்டைவிடப் பயமாக இருக்கிறது.

ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே பிரிட்டனில் வருமான வரி ஒவ்வொரு ஏப்ரல் 5-ம் தேதியும் சட்டப்படி காலாவதி. நாடாளுமன்றம் வருடாவருடம் மறுபடி ஓட்டுப் போட்டால்தான் அதற்கு உயிர். சடங்காகிவிட்டது என்பாய். சடங்காகவாவது கேட்கிறார்களே! எல்லா வரிக்கும் இப்படி ஒரு கெடு வேண்டும். ஸ்வீடன் 1766-லேயே அரசு ஆவணங்களைக் குடிமகன் பார்க்கலாம் என்று சட்டம் போட்டது. அந்தக் கதவும் எல்லா இடத்திலும் திறந்திருக்க வேண்டும்.

அப்புறம், மகள் அந்தச் சீட்டை மடித்துத் தன் பையிலேயே வைத்திருக்கிறாள். எதுக்குன்னு யார் சொன்னது என்று அவள் கேட்டதற்கு நீ எழுது. எனக்கு வேண்டாம், நேராக அவளுக்கே எழுது. உன் கணக்கு எனக்குத் தெரியும், ஒன்றையும் மறைக்காமல் சொல்வாய்.

அன்புடன்,
உன் ராஜு